கானில் கொட்டும் குப்பையும் மலையின் மண்ணும்



"பழைய தேயிலையப் புடுங்கிப் போட்டுட்டு அந்த மலையில ரெண்டு வருஷம் புல்லு வளக்கிறாங்களே, இது என்ன கூத்து?" என்று பலர் கேட்பதுண்டு. அது குவாத்தமாலாப் புல். வளர வளர வெட்டி அதே மலையில் பரப்புவார்கள். நெடுங்காலம் தேயிலை நின்ற மண்ணில் உக்கல் தீர்ந்து போயிருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்காமல் நட்டால் புதுக் கன்று தேறாது.

நம்ம ஊவாவுக்கு உக்கல் ரொம்ப அவசியம். பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கம் ஆடி, ஆவணியில் கச்சான் காற்றில் மலை காய்ந்துவிடும். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணைக் கானோடு கொண்டுபோகும். உக்கல் உள்ள மண் பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்து வைக்கும், லேசில் கரையாது. மேல்மண் போன மலையில் போடுகிற பசளையும் மழையோடு போய்விடும். மட்டத்தில் கிலோ குறையும். கஷ்டம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கூட்டெரு மட்டும் போதுமா? போதாது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. அந்த வருஷமே தடையை எடுத்தார்கள். ஆனாலும் 2021ல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022ல் சுமார் 25.1 கோடி கிலோவாக இறங்கியது. (பசளை விலையும் டீசல் தட்டுப்பாடும் இதில் சேர்த்தி.) அப்புத்தளைக்குக் கிட்ட உள்ள இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களிலேயே இரசாயனம் இல்லாத தேயிலைக்கு மாறியது. அது அவசரத்தில் செய்த வேலை அல்ல.

இனி வீட்டு விஷயம். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முற்றத்துக் குப்பை எல்லாவற்றையும் லயத்துக் கானில் கொட்டுகிறோம். பொலித்தீன், போத்தல், பெட்டரியை வேறாக்கினால் மிச்சமெல்லாம் பசளைதான். தண்ணீர் தேங்காத இடத்தில் நாலடிச் சதுரம் எடுங்கள். அடியில் குச்சிகள், மேலே காய்ந்த புல், பிறகு காட்டுச் சூரியகாந்தி, கிளிசரிடியா போன்ற பச்சை இலை, பிறகு மாட்டுச் சாணம். இப்படி மாறி மாறி மூன்றடிக்கு மேல் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடுங்கள். நடுவில் ஒரு கம்பைச் செருகி வையுங்கள். நாலைந்து நாளில் உருவிப் பார்த்தால் கம்பு சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஈரம் போதாது, அல்லது பச்சையும் சாணமும் போதாது. நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. காய்ந்த இலை சேர்த்துப் புரட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முள்ளால் புரட்டினால் மூன்று, நாலு மாதத்தில் கறுத்து மண்வாசனை வரும். குளிர் மலையில் இன்னும் கொஞ்சம் பிந்தும். மீன், இறைச்சிக் கழிவு போடவே வேண்டாம், எலி வரும்.

அடுப்புச் சாம்பலைத் தேயிலை அடியில் கொட்டாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சாம்பல் அதை முறித்துவிடும். மரக்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம்.

கவாத்து மலையில் விறகு எடுப்பதில் துரைமாருக்கும் நமக்கும் எப்போதும் இழுபறிதான். கேஸ் விற்கிற விலையில் விறகு எடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். கனத்த வாதை எடுங்கள். இலையையும் மெல்லிய குச்சியையும் மலையிலேயே விடுங்கள்.

கூட்டெரு போட்டுக் கம்பு சுடாத வீட்டுக்காரர்கள் பிரட்டுக்களத்தில் என்னைக் கண்டால் சொல்லுங்கள். வந்து பார்க்கிறேன்.