வலி இல்லை... சீழ் இல்லை... ஆனால் காதுக்குள் கட்டி!

"டாக்டர், கூப்பிட்டா இவன் திரும்பியே பார்க்கறதில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறான். வீடு சிப்காட் பக்கம்... மெஷின் சத்தத்துல காது மந்தமாயிடுச்சோ?"

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதியில் தொழிற்சாலைகளை ஒட்டிக் குடியிருக்கும் தாய்மார்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. வருஷக்கணக்கில் பேரிரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு உள்காது பாதிக்கப்படும், நிஜம்தான். ஆனால், நாலு வயசுக் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் வேறு. காதுக் குறும்பியாக இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். அபூர்வமாக, அங்கே ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

கட்டியா? புற்றுநோயா?

பயப்படாதீர்கள். குழந்தைகளின் நடுக்காதில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவற்றில் முக்கியமானது 'பிறவி கொலஸ்டியடோமா'. 1838-ல் ஜெர்மன் அறிஞர் யோஹானஸ் முல்லர் வைத்த பெயர் இது. பெயரைக் கேட்டு, "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதாலோ?" என்று நினைக்க வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை கருவில் இருக்கும்போதே நடுக்காதில் தங்கிவிட்ட தோல் செல்கள், உதிர்ந்து உதிர்ந்து உருண்டையாகச் சேர்ந்துவிடுகின்றன. கிழியாத செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை முத்து மாதிரி தெரியும்.

அப்படியே விட்டுவிட்டால்?

சாதுவாகத் தெரிந்தாலும் மெல்ல மெல்ல எலும்பை அரிக்கும். ஒலியைக் கடத்தும் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் தேய்ந்தால் கேட்கும் திறன் குறையும். முகத்தை அசைக்கும் நரம்பு இந்த வழியாகத்தான் போகிறது. முற்றினால் முகம் கோணலாம், தலைசுற்றல் வரலாம், மூளை வரை தொற்று பரவலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வலியோ சீழோ இல்லாததால் சீக்கிரம் தெரியாது. ஒரு காதைப் பொத்தி, மறு காதில் ரகசியம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குழந்தை தடுமாறுகிறதா, பாருங்கள். சந்தேகம் வந்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, 'பட்ஸ்' விட்டுக் குடைவது கூடவே கூடாது.

டாக்டர் கருவி மூலம் செவிப்பறையைப் பார்ப்பார். தேவைப்பட்டால் கேட்கும் திறன் சோதனை, சி.டி. ஸ்கேன் எடுப்பார். திருவள்ளூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

மருந்தில் கரையுமா?

கரையாது. ஆபரேஷன்தான் வழி. சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், காதுத் துவாரம் வழியாகவே முழுசாக எடுத்துவிட முடியும். கேட்கும் திறனையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். துளி மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும். அதனால், "நல்லாத்தானே இருக்கான்" என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சில வருஷங்களுக்குக் கண்காணிப்பு அவசியம்.

அடுத்த முறை, "காது கேக்கலையா உனக்கு?" என்று குழந்தையை அதட்டுவதற்கு முன், நிஜமாகவே கேட்கவில்லையோ என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்!