கொடுகடன் என்னும் வினைத்தொகை

சென்ற கிழமை வகுப்பிலே வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டேன். ஊறுகாய், சுடுசோறு என வழக்கமான விடைகளே வந்தன. கடைசி வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "கொடுகடன், ஐயா" என்றான். எங்கே கண்டாய் என வினவினேன். மத்திய வங்கியின் அறிக்கையிலே என்றான். அவன் தந்தையார் பாசிக்குடாவிலே சிறு கடை வைத்திருப்பவர்.

விடை சரியே. கொடுத்த கடன், கொடுக்கின்ற கடன், கொடுக்கும் கடன் என முக்காலத்துக்கும் விரியும் சொல் அது. பொருளியலாரும் அத்தொகையை அவ்வாறே நோக்குவர். முன்பு கொடுத்து நிலுவையாய் நிற்பது அதில் உண்டு. இம்மாதம் புதிதாய்க் கொடுத்ததும் உண்டு. நாளை வாணிகம் பெருகும் என்ற நம்பிக்கையும் அதனுள் அடங்கும். நம்பிக்கையில்லாதவன் வட்டிக்குக் கடன் கேளான்.

2009 ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தபின் பாசிக்குடாக் கரையிலே விடுதிகள் எழுந்தன. விடுதிக்காரர் ஒருவர் வங்கியிலே பத்து இலட்சம் ரூபா கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். அது மேசனுக்கும் தச்சனுக்கும் கூலியாகி, அவர்தம் கணக்கிலே வைப்பாகச் சேர்கின்றது. அத்தகைய வைப்புகளும் மக்கள் கையிலுள்ள தாளும் குற்றியும் கூடியதே பண நிரம்பல். ஆகவே கடன் வளரப் பணமும் வளரும். 1950 ஆம் ஆண்டிலே தொடங்கிய நமது மத்திய வங்கி இவ்விரு கணக்கையும் மாதந்தோறும் வெளியிடுகின்றது.

ஆயினும் பணம் வேறு வழியாலும் நிரம்பும். 2019 ஆம் ஆண்டின் இறுதியிலே வரிகள் குறைக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே கொள்ளைநோய் வந்தது. அரசின் வருவாய் வீழ்ந்தது. அக்குறையை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கியது. பணம் பெருகியது, பண்டம் பெருகவில்லை. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட, வயலின் விளைவும் குன்றியது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. அது வாங்கிய அரிசியே குறைந்தது.

ஆதலால் இவ்வெண்களைத் தனியே வைத்துப் படித்தல் தகாது. கடன் பத்து வீதம் கூடி, விலை எழுபது வீதம் கூடினால், உண்மையில் கடன் சுருங்கியதேயாகும். ரூபாவின் மதிப்பு வீழ்ந்தால், வங்கியிலுள்ள டொலர் வைப்புகள் ரூபாக் கணக்கிலே தாமே வீங்கித் தோன்றும். நிரம்பியது எதனால், கடன் சென்றது யாரிடம் என்னும் இரண்டையும் கேட்டல் வேண்டும்.

2022 ஏப்பிரலிலே மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. துணைநில் கடன் வீதம் 14.5 ஆயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துறைக்கான கொடுகடன் மாதந்தோறும் சுருங்கிற்று. 2023 செப்டெம்பரிலே பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது. அவ்வாண்டிலே வந்த மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரே பணம் வழங்குவதைத் தடுத்தது. மருந்து பலித்தது எனலாம்.

மருந்தைக் குடித்தவர் யார்? மாணாக்கனே சொன்னான். அவன் தந்தையார் கடையை விரிக்கக் கருதி வங்கிக்குச் சென்றார். வட்டியைக் கேட்டு வெறுங்கையோடு மீண்டார். அறிக்கையிலே சுருங்கிய தொகைக்குள் அவர் பெறாத கடனும் ஒன்று. அதனைத் தேடியே மகன் அவ்வறிக்கையைப் படித்திருக்கிறான்.

வினைத்தொகையிலே காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்கும். விரிப்பவனுக்கே அது புலப்படும். நாட்டின் கணக்கிலும் மனிதர் அவ்வாறே மறைந்து நிற்கின்றனர். இலக்கணம் கற்பிக்கும் நாம் நம் மாணாக்கர்க்கு அதனை விரித்துப் படிக்கவும் பழக்குவோமாக.