பின்ச்லி வரை வந்த பனியும் எங்கட பாக்கு நீரிணையும்

ஹரோவில் இருக்கிற நாங்கள் தேம்ஸ் நதிக்கு வடக்கே வசிக்கிறோம். சுமார் 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே இடம் தேம்ஸுக்குத் தெற்கே இருந்தது. அப்போது ஆறு இன்றைய வாட்ஃபர்ட், சென்ட் ஆல்பன்ஸ் பக்கமாக ஓடி எசெக்ஸ் வழியாகக் கடலுக்குப் போனது. சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பெரும் பனிப்படலம் அந்தப் பாதையை அடைத்துவிட, ஆறு தெற்கே தள்ளப்பட்டு இன்றைய வழியைப் பிடித்தது. பின்ச்லி வரை அந்தப் பனி வந்ததற்கு, அது சுமந்துவந்து போட்ட களியும் கற்களும் சாட்சி.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "பாத்தீங்களா, காலநிலை எப்பவும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கு? இப்ப மட்டும் என்ன புதுசா?" எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது இது வரும், கூடவே உறைந்த தேம்ஸின் பழைய ஓவியம் ஒன்றும் வரும். நியாயமான கேள்விதான். ஆகவே பனியிடமே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் அந்த ஓவியம். 1683-84 குளிர்காலத்தில் தேம்ஸ் ஏறக்குறைய இரண்டு மாதம் உறைந்து கிடந்தது. சனம் அதன்மேல் கடை போட்டது. கடைசிப் பனிச்சந்தை 1814 பெப்ரவரியில் நடந்தது. அந்த நூற்றாண்டுகளில் குளிர் கூடுதலாக இருந்தது உண்மை. அதோடு பழைய லண்டன் பாலத்தின் நெருக்கமான தூண்களும் தண்ணீரின் ஓட்டத்தைத் தடுத்தன. 1831இல் புதுப்பாலம் வந்து பழையது இடிக்கப்பட்டதும் ஆறு வேகமாக ஓடத் தொடங்கியது. அதனால் தேம்ஸ் உறைந்ததை மட்டும் வைத்து இரண்டு பக்கமும் வாதாட முடியாது.

நம்பக்கூடிய பதிவு அண்டார்ட்டிக்காவில் இருக்கிறது. அங்கே விழும் பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகச் சேர்ந்து இறுகும்போது, அந்தக் காலத்துக் காற்றும் சிறு குமிழிகளாக உள்ளே அடைபட்டுவிடும். ஐ.டி. வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வதென்றால், யாரும் பின்னால் திருத்த முடியாத ஒரு லாக் ஃபைல். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 3 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு 8 இலட்சம் ஆண்டுப் பதிவை எடுத்தார்கள். 2025இல் அதையும் தாண்டி, குறைந்தது 12 இலட்சம் ஆண்டு பழைய பனி வெளியே எடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கேம்பிரிட்ஜுக்கு, பிரிட்டிஷ் அண்டார்ட்டிக் ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்த 8 இலட்சம் ஆண்டுகளில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து இலட்சத்துக்குச் சுமார் 180க்கும் 300க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது அது ஏறக்குறைய 80 பங்கு கூட, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. 1958இல் ஹவாயில் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420க்கும் மேல். ஒரு ஆளின் ஆயுளுக்குள் 100 கூடியிருக்கிறது. முன்பு பூமியின் சுற்றுப்பாதை மெதுவாக மாறியது மாற்றத்தைத் தொடக்கி வைத்தது. இப்போது காரணம் நாம் எரிக்கிற நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. காலநிலை முன்பும் மாறியது உண்மைதான், ஆனால் இந்த அளவும் இந்த வேகமும் அந்தப் பதிவில் எங்கும் இல்லை.

இதற்கும் ஊருக்கும் என்ன தொடர்பு? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை; யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நடந்தே போகலாம். பனி உருகி, கடல் ஏறித்தான் எங்கட குடாநாடும் தீவுகளும் இன்றைய வடிவத்துக்கு வந்தன. 1900க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் குடாநாட்டின் நல்ல தண்ணீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிற ஒரு படலம். கடல் ஏற ஏற, நாங்கள் பம்ப் போட்டு இறைக்க இறைக்க, கீழே இருக்கிற உப்பு மேலே வரும்.

லண்டனைக் காக்க 1982இலிருந்து தேம்ஸ் தடுப்பணை வேலை செய்கிறது. ஊர்க் கிணற்றுக்கு அப்படி எந்தக் கதவும் இல்லை. இருப்பது குளங்கள்தான். மாரியில் நிரம்பி நிலத்துக்குள் நல்ல தண்ணீரை இறக்குகிற அந்தக் குளங்களில் பல தூர்ந்துபோய்க் கிடக்கின்றன.

எங்கட ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்த்து அனுப்புவதில் கெட்டிக்காரர். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு குளத்தின் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்க வேண்டும் என்றால், வேலையை இப்பவே தொடங்க வேண்டும்.