மொட்டைமாடி வெந்நீரும் ஒரு ஸ்விட்சும்

பெங்களூரில் சோலார் வாட்டர் ஹீட்டர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குக் கர்நாடக அரசு 2007-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டது. அதை மாட்டிய பிறகும் கரண்ட் பில் குறையாவிட்டால் பேனலையும் மேகத்தையும் பழிக்கிறோம். முதலில் சந்தேகப்பட வேண்டியது தொட்டிக்குள் துணைக்கு வைத்திருக்கும் கரண்ட் காயிலைத்தான். நான்கு பேர் காலையில் குளித்து முடித்ததும் 200 லிட்டர் தொட்டியில் குளிர்ந்த நீர் நிரம்புகிறது. காயில் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால் தெர்மோஸ்டாட் உடனே அதை இயக்கிவிடும். 22 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் காயில் அதை நாலரை மணி நேரத்தில் முடித்துவிடும். உச்சி வெயில் வரும்போது வெயிலுக்கு வேலையே இருக்காது.

சூடானதும் தானாக நின்றுவிடுகிறதே, அணைப்பானேன் என்று கேட்கலாம். தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிவது சூடு மட்டும்தான். இன்னும் சற்று நேரத்தில் வெயில் வரும் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல டைமர் வேண்டும். ஆடி மாத மேகமூட்டத்தில் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்விதான். பகல் முழுக்க வெயிலுக்கு விட்டுவிட்டு, விடியற்காலை 3 மணியிலிருந்து 6 மணி வரை மட்டும் காயிலை ஓட விட்டால், 40 டிகிரியில் இருக்கும் நீரும் 60-ஐத் தொட்டுவிடும். வெதுவெதுப்பான தொட்டியில் கிருமி வளருமே என்ற கவலைக்கும் அந்த 60 டிகிரிதான் பதில்.

சிறு வீடுகளில் சூடான நீர் தானே மேலேறித் தொட்டிக்குப் போவதால் பம்பு தேவையில்லை. அடுக்குமாடிகளின் பெரிய அமைப்புகளில் பம்பு உண்டு. அங்கே பேனலில் ஒரு சென்சார், தொட்டியின் அடியில் ஒரு சென்சார். பேனல் சில டிகிரி அதிகச் சூடாக இருந்தால்தான் கன்ட்ரோலர் பம்பை ஓட்டும். குளிர்நாடுகளில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்களே, அங்கும் பம்பு சென்சார் சொல்வதை நம்பித்தான் ஓடுகிறது: தெர்மோஸ்டாட்மேல் ஜன்னல் வெயில் பட்டால், அறை குளிர்ந்திருந்தாலும் பம்பு நின்றுவிடும். நம் மாடியில் தொட்டியின் சென்சார் குழியிலிருந்து நழுவினால் அது இரவின் குளிர்க்காற்றை அளக்கும். தொட்டி குளிர்ந்துவிட்டதாக எண்ணிக் கன்ட்ரோலர் பம்பை நிறுத்தாமல் ஓட்ட, பகலில் சேர்ந்த சூடெல்லாம் பேனல் வழியே வானத்துக்குப் போய்விடும். போர்வெல் நீரின் உப்பு படிந்தால் சென்சாரும் தாமதமாகத்தான் உணரும். பம்பை மாற்றச் செலவழிக்கும் முன், இரவு பத்து மணிக்கு மாடிக்குப் போய் அது ஓடுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். ஓடினால் சென்சாரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓடாமலே பேனல் குழாய் சுட்டால், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருக்கும்.