புரோட்டானுக்கு ஆயுசு எவ்வளவு?

குட்டீஸ், உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோல், ரத்தம், எலும்பு எல்லாமே அணுக்களால் ஆனவை. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் புரோட்டான் என்கிற துகள் உட்கார்ந்திருக்கிறது. நேற்று இருந்த புரோட்டான்தான் இன்றும் இருக்கிறது. அது ஏன் உடைந்து போகவில்லை?

'இதில் என்ன அதிசயம்?' என்கிறீர்களா? அதிசயம்தான்! கனமான துகள், தன்னைவிட லேசான துகள்களாக உடையப் பார்க்கும். அதுதான் துகள்களின் உலகத்தில் வழக்கம். அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான், சராசரியாக 15 நிமிடம்கூடத் தாங்காது. புரோட்டான், எலக்ட்ரான், எதிர் நியூட்ரினோ என்று மூன்றாகிவிடும்.

புரோட்டானோ எலக்ட்ரானைப்போல 1,836 மடங்கு கனமானது. எலக்ட்ரானுக்கு பாசிட்ரான் என்று ஓர் இரட்டைப் பிறவி உண்டு. எடை அதே எடை. மின்னூட்டம் மட்டும் புரோட்டானுடையதைப்போல நேர் மின்னூட்டம். ஆக, புரோட்டான் ஒரு பாசிட்ரானாகவும் மின்னூட்டமே இல்லாத பையான் என்ற துகளாகவும் உடையலாம். மின்னூட்டக் கணக்கு சரியாக வரும். ஆற்றல் கணக்கும் சரியாக வரும். ஆனாலும் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

காரணம், இன்னொரு கணக்கு. அதன் பெயர் பேரியான் எண். புரோட்டானுக்கு 1, நியூட்ரானுக்கு 1. எலக்ட்ரான், பாசிட்ரான், நியூட்ரினோ, பையான் எல்லாவற்றுக்கும் 0. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்க வேண்டும். நியூட்ரான் உடைந்தபோது 1 என்பது 1+0+0 ஆனது. சரிதானே? புரோட்டான் உடைந்தால் 1 என்பது 0 ஆகிவிடும். கணக்கு உதைக்கிறது! துகளோடு ஒட்டிக்கொண்டே வரும் இப்படிப்பட்ட எண்களை குவாண்டம் எண்கள் என்பார்கள்.

1974ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஜார்ஜி, ஷெல்டன் கிளாஷோ என்ற இருவர் ஒரு கொள்கையைச் சொன்னார்கள். மின்காந்த விசை, அணுக்கருவுக்குள் இருக்கும் வலிய விசை, மெலிய விசை மூன்றும் உண்மையில் ஒரே விசையின் மூன்று முகங்கள் என்றார்கள். இதற்கு மாபெரும் ஒருங்கிணைப்புக் கொள்கை என்று பெயர். இது சரியென்றால், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் எலக்ட்ரானும் ஒரே குடும்பம். ஒன்று மற்றொன்றாக மாறலாம். அதாவது, பேரியான் கணக்கு தப்பலாம், புரோட்டான் சாகலாம்! ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும், பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாமும் அதே காலத்தில் வேறொரு வழியாக இதையே சொன்னார்கள்.

எல்லாக் கணக்கும் தப்பிவிடுமா? அதுதான் இல்லை. லெப்டான் எண் என்று இன்னொன்று உண்டு. எலக்ட்ரானுக்கு 1, பாசிட்ரானுக்கு -1, புரோட்டானுக்கும் பையானுக்கும் 0. பேரியான் எண்ணிலிருந்து லெப்டான் எண்ணைக் கழித்துப் பாருங்கள். உடையும் முன் 1-0=1. உடைந்த பின் 0-(-1)=1. தனித்தனியாக இரண்டும் மாறினாலும் வித்தியாசம் மாறவில்லை! ஜார்ஜி, கிளாஷோ கொள்கையில் காப்பாற்றப்படுவது இந்த வித்தியாசம்தான்.

பயப்பட வேண்டாம். அவர்கள் கொள்கைப்படி புரோட்டானின் ஆயுள், 1 போட்டு ஏறத்தாழ 31 பூஜ்ஜியம் போட்டால் வரும் வருடங்கள்! பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருடம்தான். அப்புறம் எப்படிச் சோதிப்பது? ஒரே ஒரு தென்னையின் கீழ் உட்கார்ந்தால் காய் விழப் பல நாள் ஆகும். ஆயிரம் மரமுள்ள தோப்பில் 'தொப்' சத்தம் அடிக்கடி கேட்கும் இல்லையா? அதேபோல ஏராளமான புரோட்டான்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டுக் கவனித்தார்கள்.

இதற்கென்றே முதலில் கருவி வைத்த இடம் எது தெரியுமா? நம் பக்கத்து மாநிலத்துக் கோலார் தங்கவயல்! தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக உழைத்த அந்தச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி 1980ல் கண் விழித்தது. மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து அமைத்தது. அவ்வளவு ஆழம் எதற்கு? வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் குறுக்கே வந்து குழப்பக்கூடாதே! புரோட்டான் உடைந்ததுபோல சில தடயங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். ஆனால், பிறகு வந்த பெரிய கருவிகளில் அது உறுதியாகவில்லை.

அந்தப் பெரிய கருவிகளில் ஒன்று, ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் 1983ல் அமைந்த 3,000 டன் தண்ணீர்த் தொட்டி. உடைந்த துகள்கள் தண்ணீரில் பாயும்போது மங்கலான நீல ஒளி வரும். சுவரெங்கும் உள்ள ஒளி உணரிகள் அதைப் பிடிக்கும். புரோட்டான் சிக்கவில்லை. ஆனால், 1987ல் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த 11 நியூட்ரினோக்கள் சிக்கின! தூண்டிலில் மீனுக்குப் பதில் முத்து மாட்டிய கதை. அதன் தலைவர் மசதோஷி கோஷிபாவுக்கு 2002ல் நோபல் பரிசு கிடைத்தது.

1996ல் அதே ஊரில் 50,000 டன் தொட்டி வந்தது. அதிலும் ஒன்றுகூட உடையவில்லை. பாசிட்ரானாக உடைவதென்றால், ஆயுள் 1க்குப் பின்னால் 34 பூஜ்ஜியத்தையும் தாண்டும் என்று தெரிந்தது. ஜார்ஜி, கிளாஷோ சொன்ன எளிய வடிவம் அடிபட்டுப் போனது.

அப்புறமும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாக இருந்திருந்தால், இரண்டும் மோதி அழிந்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். நாம் மிஞ்சியிருக்கிறோமே! அப்படியானால் பேரியான் கணக்கு எப்போதோ தப்பியிருக்க வேண்டும் என்று 1967லேயே சொன்னார் ரஷ்ய விஞ்ஞானி சகாரவ்.

அதனால்தான் ஜப்பானில் மலையைக் குடைந்து, சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் டன் தண்ணீர் கொள்ளும் புதிய தொட்டியைக் கட்டுகிறார்கள். தண்ணீர் நிரப்பியதும், கும்மிருட்டில் மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.