கட்டை: மரம், மைல், சுருதி

கேமரன் மலையின் தேயிலைப் பகுதிகளில் கவ்வாத்து வெட்டியபின் செடியில் மிஞ்சுவது கட்டை. விறகும் கட்டைதான். மலேசியத் தமிழரிடம் இச்சொல்லுக்கு நீள அளவு என்ற பொருளும் உண்டு: ஒரு கட்டை என்றால் ஒரு மைல், ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். சாலையோர மைல்கல்லை மலாய்மொழி ‘பத்து’, அதாவது கல் என்கிறது. தமிழர் கட்டை என்றனர். நாடு கிலோமீட்டருக்கு மாறியபின்னும் ‘மூணாங்கட்டை’ போன்ற ஊர்ப்பெயர்கள் மறையவில்லை.

இசையில் கட்டை என்பது சுருதியின் அளவு. ஆர்மோனியத்தில் ‘சி’ ஸ்வரம் ஒரு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு அரை எண். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று ஒன்று கிடையாது. அறிவியல் இதையே அதிர்வெண்ணாகக் கணக்கிடும்: நடு ‘சி’ நொடிக்குச் சுமார் 262 அதிர்வுகள், அதற்கு மேலுள்ள ‘ஜி’ 392. கட்டை ஏறினால் சுருதியும் ஏறும். ஆனால் ‘கட்டைக் குரல்’ என்பதோ தடித்த, தாழ்ந்த குரல். வேடிக்கையான முரண்தான். பாடகரிடம் ஐந்து கட்டை என்றால் உயரம், மலேசிய ஓட்டுநரிடம் எட்டு கிலோமீட்டர்.