அசோலாவில் தீவனம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

கொல்லையில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிறுத்தி, அசோலா வளர்க்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்று ஏராளம். பலரும் பாசி என்று சொன்னாலும் அசோலா நீரில் மிதக்கும் ஒரு பெரணி. பாசி இருப்பது அதன் இலைக்குள்ளே. அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி இலையின் சிறு குழிகளில் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் தொட்டிக்கு யூரியா வேண்டாம். மணிச்சத்தை மட்டும் நாம்தான் தர வேண்டும்.

ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் சமதளமான இடம் போதும். சுற்றிலும் செங்கல் அடுக்கி, ஓட்டையில்லாத ஷீட்டை விரித்து, சலித்த செம்மண் 10 கிலோவைப் பரப்புங்கள். 2 கிலோ சாணியோடு ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றி, நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அரை கிலோ விதை அசோலாவைத் தூவினால் இரண்டு வாரத்துக்குள் தொட்டி மூடிவிடும். அதன்பின் நாளுக்குச் சுமார் அரை கிலோ எடுக்கலாம்.

இனிமேல்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அசோலாவில் கால் பங்கு புரதம் என்று சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் அது காயவைத்த எடைக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். 2 கிலோ அள்ளிப் போட்டால் அதில் உலர்பொருள் 120 கிராம், புரதம் 30 கிராம் தேறும். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கிலும் அவ்வளவு புரதம் உண்டு. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் புரதம் தேவை. அந்த 2 கிலோ அசோலாவுக்கே இதுபோல் நான்கு தொட்டி வேண்டும். அசோலா போட்டுப் புண்ணாக்குச் செலவை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாது உப்பும் வைட்டமினும் கொஞ்சம் சேரும், பசுந்தீவனம் கிடைக்காத மாதத்தில் மாட்டுக்கு ஒரு பச்சை கிடைக்கும், அவ்வளவுதான்.

கோழிக்கு நிலைமை வேறு. ஒரு தொட்டியின் அரை கிலோவைப் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிக்குப் பிரித்துப் போட்டால் அவற்றின் தீனியில் அது கண்ணுக்குத் தெரியும் பங்கு. மஞ்சள் கருவின் நிறமும் கூடும். வாத்துக்கும், குளத்தில் புல் கெண்டைக்கும் போடலாம். சிறு கொல்லைக்காரருக்கு என் யோசனை, ஒற்றைத் தொட்டி என்றால் அதைக் கோழிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கோழியோ மாடோ, சாணி வாடை போக நன்றாக அலசிய பிறகே கொடுக்க வேண்டும். வாடை இருந்தால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். முதலில் தவிட்டோடு கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

தொட்டி கெடுவதற்குப் பெரும்பாலும் அறுவடைச் சோம்பல்தான் காரணம். எடுக்காமல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது அழுகும், பூச்சி சேரும். பூச்சி கண்டால் மருந்து அடிக்கக் கூடாது. கால்நடை தின்னப்போகும் பொருள் அது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவி, புது விதை போடுவதே நல்லது. இலை சிவந்தால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம், வெயில் அதிகமாகவும் இருக்கலாம். சித்திரை, வைகாசியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது வளர்ச்சி படுத்துவிடும்; மர நிழலோ பாதி வெயில் விடும் நிழல்வலையோ இல்லாமல் அந்த மாதங்களைக் கடத்துவது கடினம்.

ஸ்பைருலினா வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது அசல் பாசி, உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் சோடா உப்புக் கலந்த காரத் தண்ணீர், மெல்லிய துணியில் வடிகட்டல், சுத்தமான உலர்த்தல் என்று வேலையும் செலவும் அதிகம். மனித உணவின் விலைக்கு விற்கும் சரக்கை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது கட்டாது.

பத்து நாளுக்கு ஒருமுறை அசோலா தொட்டியின் தண்ணீரில் கால் பங்கை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இறைத்ததை வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ பாய்ச்சலாம், தழைச்சத்து அதிலும் இருக்கிறது.